தசை மின்தூண்டல் சாதனத்தில் சொந்த நிரலை அமைத்தல்: தொடைத் தசைக்கான வழிகாட்டி

தோலில் ஒட்டும் பேட்டுகள் வழியே மின்துடிப்புகளைச் செலுத்தித் தசையைச் சுருங்கச் செய்வது தசை மின்தூண்டல் சாதனம். வீட்டில் பயன்படுத்த அப்படி ஒன்றை வாங்கினால், "தொடை", "வயிறு", "வலிமை", "மீட்சி" என்பன போன்ற பெயர்களில் பல நிரல்கள் அதில் ஏற்கெனவே பதிக்கப்பட்டிருக்கும். பொத்தானை அழுத்தியவுடன் அவை இயங்கும் என்பது வசதிதான். ஆனால் மூட்டு மாற்று அறுவைச் சிகிச்சைக்குப் பின் தொடை மெலிந்துபோன ஒரு முதியவருக்கும், கால்பந்துப் போட்டிகளுக்குத் தயாராகும் ஓர் இளைஞருக்கும் அந்த நிரல் ஒரே துடிப்பையும் ஒரே ஓய்வு நேரத்தையும்தான் தரும். இருவரில் ஒருவருக்காவது அது பொருந்தாமல் போகும். இதனால்தான் பல சாதனங்களில் "கஸ்டம்", "யூசர்", "மேனுவல்" போன்ற பெயர்களில் சில இடங்கள் காலியாக விடப்பட்டுள்ளன. அந்த இடங்களை எந்த எண்களால் நிரப்புவது, ஏன் நிரப்புவது, நிரப்பியது சரிதானா என்று எப்படிச் சோதிப்பது என்பவற்றையே இங்கு விளக்குகிறேன்.

எடுத்துக்காட்டாகத் தொடையின் முன்பக்கத் தசையை, அதாவது குவாட்ரிசெப்ஸை எடுத்துக்கொள்கிறேன். முழங்காலில் காயமோ அறுவைச் சிகிச்சையோ நேர்ந்தால் மிக விரைவாக மெலிவது அந்தத் தசைதான். மின்தூண்டல் பற்றிய ஆய்வுகளில் பெரும்பகுதியும் அதை வைத்தே நடந்துள்ளன. அத்துடன், தூண்டல் சரியாக இருந்தால் முழங்கால் சில்லு மேல்நோக்கி இழுபடுவதை வெறுங்கண்ணாலேயே பார்க்க முடியும்.

சாதனத்தைப் பயன்படுத்துவோர் பெரும்பாலும் மின்னோட்டத்தின் அளவையும் அதிர்வெண்ணையும் பற்றியே கேட்கிறார்கள். ஒரு சுருக்கத்துக்கும் அடுத்த சுருக்கத்துக்கும் இடையிலான ஓய்வு நேரத்தைப் பற்றி யாரும் கேட்பதில்லை. என் கருத்தில், ஒரு நிரலை நல்லதாகவோ வீணாகவோ ஆக்குவது அந்த ஓய்வு நேரமே. ஆகவே இந்த வழிகாட்டியில் அதற்குத்தான் அதிக இடம் தந்திருக்கிறேன்.

யார் இதைத் தொடக் கூடாது

இதயத்தில் பேஸ்மேக்கர் அல்லது டிஃபிப்ரிலேட்டர் பொருத்தப்பட்டவர்கள் இந்தச் சாதனத்தைப் பயன்படுத்தக் கூடாது. கர்ப்பிணிகள், வலிப்பு நோய் உள்ளவர்கள், காலின் ஆழ்சிரையில் இரத்தக்கட்டு இருப்பவர்கள் அல்லது இருக்கலாம் என்று ஐயப்படுபவர்கள் ஆகியோர் மருத்துவர் தெளிவாக அனுமதிக்காமல் தொடங்கவே கூடாது. புற்றுநோய் உள்ள இடத்தின் மீதும், ஆறாத புண் அல்லது தொற்று உள்ள தோலின் மீதும் பேட் ஒட்டக் கூடாது. கழுத்தின் முன்பக்கத்தில் ஒட்டுவதும், மார்பின் குறுக்கே மின்னோட்டம் பாயும்படி ஒட்டுவதும் எவருக்கும் ஆகாது. நீண்டகாலச் சர்க்கரை நோயால் காலில் உணர்ச்சி குறைந்தவர்கள் கூடுதல் கவனத்துடன் இருக்க வேண்டும். தோல் எரிவதை உணர முடியாதவருக்கு, அளவு மிஞ்சிவிட்டதை எச்சரிக்க வேறு எதுவும் இல்லை.

முழங்காலில் உலோக மூட்டு வைத்திருப்பவர்கள் அஞ்சி விலகிவிடுவது உண்டு. உலோகத்தைச் சூடாக்கும் ஷார்ட்வேவ் டயதெர்மி போன்ற சிகிச்சைகளுக்கு அந்த அச்சம் பொருந்தும். இருதிசைத் துடிப்புகளைத் தரும் தசைத் தூண்டல் அவ்வகையைச் சேர்ந்தது அன்று. மூட்டு மாற்றிக்கொண்டவர்களிடமே இது பரவலாக ஆராயப்பட்டிருக்கிறது. ஆயினும் எப்போது தொடங்கலாம் என்பதை அறுவைச் சிகிச்சை செய்த மருத்துவரே சொல்ல வேண்டும்.

எண்கள் எதைக் கட்டுப்படுத்துகின்றன

பிசியோதெரபி நிலையங்களில் "கரண்ட் வைப்பது" என்ற ஒரே சொல்லால் பல வேறுபட்ட சிகிச்சைகள் குறிக்கப்படுகின்றன. அவற்றுள் டென்ஸ் என்பது வலியைக் குறைக்க உணர்வு நரம்புகளைத் தூண்டுவது. அது பெரும்பாலும் இடைவெளியின்றி ஓடும். தசைத் தூண்டல் என்பது இயக்க நரம்பைத் தூண்டித் தசையைச் சுருங்கச் செய்வது. அதில் சுருக்கமும் ஓய்வும் மாறி மாறி வர வேண்டும். இரண்டும் சேர்ந்த சாதனத்தில் டென்ஸ் பிரிவிலும் தனி நிரல் இடங்கள் இருக்கக்கூடும். அவற்றில் சுருக்க நேரம், ஓய்வு நேரம் ஆகியவற்றை அமைக்கும் வசதி பொதுவாக இராது என்பதால், இ.எம்.எஸ். (தசை மின்தூண்டல்) என்று குறிக்கப்பட்ட பிரிவில் உள்ள இடத்தையே தேர்ந்தெடுக்க வேண்டும்.

இந்தச் சாதனங்கள் தசை இழையை நேரடியாகத் தூண்டுவதில்லை என்பதை முதலில் மனத்தில் கொள்ள வேண்டும். தசைக்குள் செல்லும் நரம்பு இழைதான் தூண்டப்படுகிறது. அந்த நரம்பே தசையைச் சுருக்குகிறது. நரம்பைத் தூண்ட, சில நூறு மைக்ரோ விநாடிகள் நீடிக்கும் துடிப்பு போதும். நரம்பு அறுபட்ட தசையைத் தூண்டுவதற்கு அதைவிடப் பல மடங்கு நீண்ட துடிப்பு தேவை. வீட்டுச் சாதனங்களால் அதைத் தர இயலாது. எனவே பேட்டைச் சரியான இடத்தில் ஒட்டியும் தசை அசையவே இல்லை என்றால், மின்னோட்டத்தை மேலும் மேலும் கூட்டாமல் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

துடிப்பு அகலம் என்பது ஒவ்வொரு துடிப்பும் நீடிக்கும் நேரம். தொடை போன்ற பெரிய தசைகளுக்கு 300 முதல் 400 மைக்ரோ விநாடி வரையும், கைத் தசைகளுக்கு 200 முதல் 250 வரையும் வைப்பது வழக்கம். துடிப்பின் அகலத்தை மின்னோட்டத்தின் அளவால் பெருக்கினால், ஒவ்வொரு துடிப்பிலும் உடலுக்குள் செல்லும் மின்னூட்டம் கிடைக்கும். 40 மில்லி ஆம்பியர், 300 மைக்ரோ விநாடி என்றால் அது 12 மைக்ரோ கூலும். அதே 40 மில்லி ஆம்பியரில் அகலத்தை மட்டும் 200இலிருந்து 400க்கு மாற்றினால் மின்னூட்டம் இரட்டிப்பாகிவிடும். இதனால்தான் அகலத்தை மாற்றிய பிறகு, நேற்று வைத்த அளவிலேயே இன்றும் தொடங்கக் கூடாது. பூச்சியத்திலிருந்துதான் ஏற வேண்டும்.

அதிர்வெண் என்பது ஒரு விநாடிக்கு எத்தனை துடிப்புகள் என்பது. 10 ஹெர்ட்ஸுக்குக் கீழே தசை தனித்தனியாகத் துள்ளும். 20 ஹெர்ட்ஸைத் தாண்டும்போது அந்தத் துள்ளல்கள் ஒன்றோடொன்று கலக்கத் தொடங்கும். 35 முதல் 50 ஹெர்ட்ஸுக்குள் தசை நடுக்கமின்றி உறுதியாகச் சுருங்கி நிற்கும். அதற்கு மேல் 75, 100 என்று கூட்டினால் விசை இன்னும் சிறிது கூடலாம். ஆனால் தசை வெகு விரைவில் களைத்துவிடும். மெலிந்த தசைக்கு 100 ஹெர்ட்ஸ் வைப்பதில் எந்தப் பயனையும் நான் காணவில்லை.

ஓய்வு நேரம்

நாமாகக் காலை நீட்டும்போது, மூளை தொடைத் தசையிலுள்ள எல்லா இழைகளையும் ஒரே நேரத்தில் ஏவுவதில்லை. ஏற்றம் இறைப்பவர்கள் ஆள் மாற்றிக்கொள்வதைப் போல, ஒரு தொகுதி இழைகள் வேலை செய்யும்போது மற்றொரு தொகுதி சற்று ஓய்கிறது. அதோடு சிறிய, எளிதில் களைக்காத தொகுதிகளே முதலில் அழைக்கப்படுகின்றன. மின்தூண்டலில் இந்த ஒழுங்கு கிடையாது. பேட்டின் அடியில் மின்னோட்டம் எந்த நரம்பு இழைகளை எட்டுகிறதோ அவை எல்லாம் ஒன்றாகச் சுடுகின்றன. அடுத்த துடிப்பிலும் அதே இழைகள், அதற்கடுத்த துடிப்பிலும் அதே இழைகள். மாற்று ஆள் வருவதே இல்லை. எனவே அதே விசைக்கு, மின்தூண்டலில் தசை நாமாகச் செய்யும் பயிற்சியைவிட மிக முன்னதாகவே களைத்துப்போகிறது.

10 விநாடி சுருக்கம், 10 விநாடி ஓய்வு என்று அமைக்கப்பட்ட நிரலில் இதைத் தெளிவாகப் பார்க்கலாம். முதல் சில சுருக்கங்கள் வலுவாக இருக்கும். பிறகு தோலில் அதே குத்தல் உணர்வு தொடர்ந்தாலும், முழங்கால் சில்லின் இழுவை வரவரச் சிறுத்துவிடும். பயன்படுத்துபவர் அப்போது மின்னோட்டத்தைக் கூட்டுவார்; சில நிமிடங்களில் மீண்டும் அதே நிலை. 20 நிமிடம் சாதனம் ஓடியிருக்கும். உண்மையில் பயிற்சி கிடைத்தது முதல் சில நிமிடங்களில்தான். வலிமையைக் கூட்டுவது சுருக்கங்களின் எண்ணிக்கையைவிட ஒவ்வொரு சுருக்கத்தின் விசையே என்பதால், இடைவெளியைக் குறைத்து எண்ணிக்கையைப் பெருக்குவது தவறான கணக்கு.

1970களில் சோவியத் ஒன்றியத்தின் யாகவ் கோட்ஸ் விளையாட்டு வீரர்களுக்காக வகுத்த முறையில், 10 விநாடி சுருக்கத்துக்கு 50 விநாடி ஓய்வு வைக்கப்பட்டது. மொத்தம் 10 சுருக்கங்கள், 10 நிமிடம். அவர் பயன்படுத்திய 2500 ஹெர்ட்ஸ் மின்னலையை வீட்டுச் சாதனங்கள் தருவதில்லை. அவர் சொன்ன அளவுக்கு வலிமை கூடியதைப் பிற்காலத்து ஆய்வாளர்களும் முழுமையாகக் காணவில்லை. ஆனால் அவர் வைத்த ஒன்றுக்கு ஐந்து என்ற விகிதம் இன்றுவரை நிலைத்துவிட்டது. 2012இல் வெளிவந்த கொலராடோ ஆய்வு ஒன்றில், முழங்கால் மூட்டு மாற்றிக்கொண்டவர்களுக்கு அறுவைச் சிகிச்சை முடிந்து 48 மணி நேரத்திலிருந்தே தூண்டல் தொடங்கப்பட்டது. 250 மைக்ரோ விநாடி அகலம், 50 ஹெர்ட்ஸ், 15 விநாடி சுருக்கம், 45 விநாடி ஓய்வு, ஒரு வேளைக்கு 15 சுருக்கங்கள், நாளுக்கு இரு வேளை, 6 வாரம் என்பது அதன் அமைப்பு. அங்கும் ஓய்வு சுருக்கத்தைப் போல மூன்று மடங்கு என்பதைக் கவனிக்க வேண்டும்.

தொடக்கத்தில் ஒன்றுக்கு ஐந்து என்ற விகிதத்தையே நான் பரிந்துரைக்கிறேன். சில வாரங்களுக்குப் பின், கடைசிச் சுருக்கமும் முதல் சுருக்கத்தைப் போலவே வலுவாக இருந்தால், ஒன்றுக்கு மூன்றாகக் குறைக்கலாம். ஒன்றுக்கு ஒன்று என்ற விகிதத்தை வலிமைப் பயிற்சிக்கு வைக்கவே வேண்டாம்.

சில சாதனங்களில் ஓய்வு நேரத்தை 30 விநாடிக்கு மேல் வைக்க முடியாது. அத்தகைய சாதனத்தில் 10க்கு 50 வராது. ஆனால் விகிதத்தைக் காப்பாற்ற முடியும். சுருக்கத்தை 6 விநாடியாகக் குறைத்து, ஓய்வை 30 விநாடியில் வைத்தால் அதே ஒன்றுக்கு ஐந்துதான். ஒரு சுற்றுக்கு 36 விநாடி. 15 சுருக்கங்களுக்கு 9 நிமிடம். நீண்ட சுருக்கத்தைப் பிடித்துக்கொண்டு ஓய்வைப் பலியிடுவதைவிட இது எவ்வளவோ மேல்.

முதல் நிரல்: இடம் தேடுவதற்கு

காலியிடங்களில் முதலாவதை வலிமைக்காகப் பயன்படுத்தாமல், பேட் ஒட்டும் இடத்தைத் தேடுவதற்காக ஒதுக்குங்கள். 2 ஹெர்ட்ஸ், 300 மைக்ரோ விநாடி, ஓய்வின்றித் தொடர்ந்து, 10 நிமிடம் என்று அமைத்துச் சேமியுங்கள். தொடர் இயக்கத்துக்கு இடமில்லாத சாதனமாக இருந்தால், சுருக்க நேரத்தை அது அனுமதிக்கும் உச்சத்திலும் ஓய்வை மிகக் குறைந்த அளவிலும் வைத்துக்கொள்ளலாம்.

தசைக்குள் நரம்பு நுழையும் பகுதிக்கு நேர் மேலே தோலில் ஓர் இடம் உண்டு. அங்கே மிகக் குறைந்த மின்னோட்டத்திலேயே தசை நன்றாகத் துள்ளும். அந்த இடம் ஆளுக்கு ஆள் ஓரிரு விரற்கடை மாறுபடும் என்பதால், கையேட்டிலுள்ள படத்தை மட்டும் நம்பிவிட முடியாது. பெரிய பேட் ஒன்றைத் தொடையின் மேற்பகுதியில், இடுப்பு மடிப்புக்குச் சற்றுக் கீழே வெளிப்பக்கமாக ஒட்டிக்கொள்ளுங்கள். சிறிய பேட்டை முழங்கால் சில்லுக்கு மேலே உட்பக்கமாகப் புடைத்திருக்கும் தசையின் மீது ஒட்டி, துள்ளல் மெலிதாகத் தெரியும்வரை மின்னோட்டத்தைக் கூட்டுங்கள். பிறகு அளவைப் பூச்சியத்துக்குக் கொண்டுவந்து, பேட்டை ஒரு விரற்கடை நகர்த்தி ஒட்டி, முன்பிருந்த அதே அளவுக்கு மீண்டும் ஏற்றிப் பாருங்கள். எந்த இடத்தில் துள்ளல் பெரிதாக இருக்கிறதோ அதைப் பேனாவால் குறித்துக்கொள்ளுங்கள். சாதனம் இயங்கிக்கொண்டிருக்கும்போது பேட்டைத் தூக்கவே கூடாது. பாதி ஒட்டிய பேட்டில் முழு மின்னோட்டமும் சிறு பரப்பு வழியே பாய்ந்து தோலைச் சுடும்.

பேட்டின் அளவும் இதே காரணத்தால் முக்கியமாகிறது. 5 சென்டிமீட்டர் சதுரப் பேட்டின் பரப்பு 25 சதுர சென்டிமீட்டர். 5க்கு 10 என்ற செவ்வகப் பேட்டின் பரப்பு 50. அதே மின்னோட்டம் இரு மடங்கு பரப்பில் பரவுவதால் தோலில் குத்தல் குறைகிறது; அதனால் கூடுதல் மின்னோட்டத்தைத் தாங்க முடிகிறது; அதனால் சுருக்கம் வலுக்கிறது. இடம் கண்டுபிடித்த பின், வலிமை நிரலுக்குப் பெரிய பேட்டுகளையே பயன்படுத்துங்கள். ஒட்டுவதற்கு முன் காலைச் சோப்பால் கழுவி நன்றாக உலர்த்த வேண்டும். தேங்காய் எண்ணெயோ வலி நிவாரணக் களிம்போ தடவிய காலில் பேட் ஒட்டாது. வியர்வை மிகுந்த பகலில் ஓரங்கள் உரிந்துகொள்ளும். மின்விசிறியின் கீழ் சற்று நேரம் அமர்ந்துவிட்டு ஒட்டுவது நல்லது.

இரண்டாம் நிரல்: வலிமைக்கு

இனி முக்கியமான நிரலுக்கு வருவோம். மெலிந்த தொடைக்குத் தொடக்க நிலையில் நான் வைக்கச் சொல்வது இதுதான்: அகலம் 300 மைக்ரோ விநாடி, அதிர்வெண் 40 ஹெர்ட்ஸ், சுருக்கம் 10 விநாடி, ஓய்வு 50 விநாடி, ஏறுமுக நேரம் 2 விநாடி, இறங்குமுக நேரம் 1 விநாடி, மொத்தம் 15 நிமிடம்.

பெரும்பாலான சாதனங்களில் நிரலைத் தேர்ந்தெடுத்த பின் "செட்" அல்லது "மோட்" பொத்தானைச் சில விநாடிகள் அழுத்திப் பிடித்தால் முதல் எண் கண்சிமிட்டத் தொடங்கும். மேல், கீழ்ப் பொத்தான்களால் அதை மாற்றி, மீண்டும் "செட்" அழுத்தினால் அடுத்த எண்ணுக்குப் போகும். எல்லா எண்களையும் கடந்து திரை பழைய நிலைக்குத் திரும்பும்வரை நிறுத்தக் கூடாது. நடுவில் அணைத்துவிட்டால் மாற்றங்கள் சேமிக்கப்படாமல் போகக்கூடும். முடித்ததும் ஒருமுறை அணைத்து, திரும்ப இயக்கி, எண்கள் நிலைத்திருக்கின்றனவா என்று பாருங்கள். அவற்றை ஒரு தாளிலும் எழுதிச் சாதனத்தின் உறையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

ஏறுமுக நேரம் என்பது, திரையில் "ரேம்ப்" என்று காணப்படுவது, மின்னோட்டம் பூச்சியத்திலிருந்து முழு அளவுக்கு ஏற எடுத்துக்கொள்ளும் நேரம். அது இல்லாவிட்டால் தசை வெடுக்கென்று இழுத்து, காயமுற்ற மூட்டை அதிரச் செய்யும். இதில் ஒரு சிக்கல் உண்டு. சில சாதனங்கள் ரேம்ப் நேரத்தைச் சுருக்க நேரத்துக்குள்ளேயே கணக்கிடுகின்றன. அப்போது 10 விநாடியில் முழு விசை கிடைப்பது 7 விநாடிதான். வேறு சில அதை வெளியே சேர்க்கின்றன. அப்போது ஒரு சுற்று 63 விநாடியாகி, 15 சுருக்கங்களுக்கு 15 நிமிடம் 45 விநாடி ஆகும். மொத்த நேரத்தை 16 நிமிடமாக வைக்க வேண்டும். இன்னும் சிலவற்றில் அது ஓய்வு நேரத்திலிருந்து எடுத்துக்கொள்ளப்படுகிறது. கையேடு இதைத் தெளிவாகச் சொல்லவில்லை என்றால், கைப்பேசியின் நிறுத்துகடிகாரத்தை வைத்து, ஒரு சுருக்கம் தொடங்குவதிலிருந்து அடுத்த சுருக்கம் தொடங்கும்வரை எத்தனை விநாடி என்று அளந்துவிடுங்கள்.

இரண்டு சேனல்களையும், அதாவது தனித்தனிப் பேட் இணைகளுக்கு மின்னோட்டம் தரும் இரு வழிகளையும், ஒரே தொடையில் பயன்படுத்துவதானால், அவை ஒரே நேரத்தில் இயங்கும்படி அமைக்க வேண்டும். மாறி மாறி இயங்கும் முறையில் விட்டுவிட்டால், வெளிப்பக்கத் தசை சுருங்கும்போது உட்பக்கத் தசை தளர்ந்திருக்கும்; முழங்கால் சில்லு நேராக மேலே போகாமல் பக்கவாட்டில் இழுபடும். மாறி மாறி இயங்கும் முறை இரண்டு கால்களுக்கும் தனித்தனியே பேட் ஒட்டும்போதுதான் பொருந்தும்.

உடலின் நிலையை எந்தப் பொத்தானும் அமைத்துத் தராது. ஆனால் அதுவும் நிரலின் பகுதியே. நாற்காலியில் அமர்ந்து, முழங்காலை ஏறத்தாழ 60 பாகை மடித்து, கணுக்காலை ஒரு பட்டையால் நாற்காலியின் காலோடு கட்டிக்கொள்ள வேண்டும். தசை சுருங்கினாலும் கால் நீளாமல் அந்த விசை பட்டையின் மீது விழ வேண்டும். அசையாமல் கட்டப்படாத கால் முழுவதும் நீண்டுவிட்டால், குறுகிய நிலையில் தசை பிடித்துக்கொண்டு கடும் வலி தரும். அறுவைச் சிகிச்சைக்குப் பின் முதல் நாட்களில் இந்த மடிப்பு இயலாது. அப்போது காலை நீட்டி, முழங்காலின் கீழே சுருட்டிய துண்டு ஒன்றை வைத்துக்கொண்டு அதை அழுத்துவது போதும்.

மின்னோட்டத்தின் அளவு நிரலில் சேமிக்கப்படுவதில்லை. ஒவ்வொரு முறையும் கையால்தான் ஏற்ற வேண்டும். சுருக்கம் நடந்துகொண்டிருக்கும்போது மட்டுமே, ஒவ்வொரு படியாகக் கூட்டுங்கள். ஓய்வு நேரத்தில் பொத்தானை அழுத்தினால், சில சாதனங்கள் அதை ஏற்காது. ஏற்கும் சாதனங்களில் அடுத்த சுருக்கம் எதிர்பாராத வேகத்தில் வந்து தாக்கும். முதல் நாளில் முழங்கால் சில்லு தெளிவாக அசைவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பின்வரும் நாட்களில், மூன்று நான்கு சுருக்கங்களுக்கு ஒருமுறை உடல் அந்த உணர்வுக்குப் பழகிவிடும். அப்போது ஓரிரு படிகள் ஏற்றுங்கள். வசதியாக உணரும் அளவிலேயே நிறுத்திக்கொள்பவர்களுக்குப் பயன் குறைவு என்பதைச் சொல்லியாக வேண்டும். வலிமை கூடுவது, தாங்கக்கூடிய வரம்பின் அருகே சுருக்கம் நிற்கும்போதுதான். ஒவ்வொரு சுருக்கத்தோடும் நீங்களும் சேர்ந்து தசையை இறுக்குங்கள். திரையில் தெரியும் 20, 30 போன்ற எண்கள் பல சாதனங்களில் மில்லி ஆம்பியர் அல்ல, வெறும் படிகளே. ஆகவே வேறொருவருடைய எண்ணோடு உங்கள் எண்ணை ஒப்பிட்டுப் பொருளில்லை.

முதல் வாரத்தில் அளவை அடக்கி வைப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. பழக்கமில்லாத தசையை முதல் நாளிலேயே உச்சத்துக்குத் தூண்டினால் தசை இழைகள் சிதைந்து, அவற்றின் உட்பொருள்கள் இரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடும். உடல் முழுவதும் உடுப்பாக அணிந்து தூண்டும் முறையில் இது பதிவாகியிருக்கிறது. மறுநாளும் அதற்கடுத்த நாளும் தசை வலிப்பது இயல்பே. ஆனால் கடும் வீக்கமும், கறுத்த தேநீர் நிறத்தில் சிறுநீரும் கண்டால் தாமதிக்காமல் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

நிரல் சரிதானா என்று சோதித்தல்

பயணப் பெட்டிகளை எடை பார்க்கும் கொக்கித் தராசு ஒன்று இருந்தால் போதும். கணுக்கால் பட்டைக்கும் நாற்காலியின் காலுக்கும் இடையே அதை மாட்டி, மூன்றாவது சுருக்கத்திலும் கடைசிச் சுருக்கத்திலும் அது காட்டும் எடையைக் குறித்துக்கொள்ளுங்கள். இடையில் மின்னோட்டத்தை மாற்றக் கூடாது. கடைசி எண் முதலாவதில் முக்கால் பங்கிற்கு அருகே இருந்தால் நிரல் உங்களுக்குப் பொருந்துகிறது என்றே கொள்ளலாம். பாதிக்குக் கீழே இறங்கினால் ஓய்வைக் கூட்டுங்கள். ஓய்வு ஏற்கெனவே உச்சத்தில் இருந்தால் அதிர்வெண்ணை 35க்குக் குறையுங்கள். விசையே எழவில்லை, தோல் மட்டும் குத்துகிறது என்றால் பேட்டின் இடத்தையும் ஈரப்பதத்தையும் முதலில் பாருங்கள். பிறகு அகலத்தை 350க்கு உயர்த்துங்கள். தசை நடுங்கிக்கொண்டே சுருங்கினால் அதிர்வெண் குறைவு. 45 அல்லது 50க்கு ஏற்றுங்கள். ஒரு முறைக்கு ஓர் எண்ணை மட்டுமே மாற்ற வேண்டும். இரண்டை மாற்றினால் எது பயன் தந்தது என்று தெரியாமல் போய்விடும்.

மற்ற தசைகளுக்கு இதே நிரலைச் சிறிது திருத்தினால் போதும். ஆடுதசைக்கு அகலம் 300, பாதத்தைச் சுவரில் ஊன்றிக்கொள்ள வேண்டும். அந்தத் தசை எளிதில் பிடித்துக்கொள்ளும் என்பதால் சுருக்கத்தை 6 விநாடிக்கு மேல் வைக்க வேண்டாம். மேற்கைக்கு அகலம் 200 முதல் 250, மற்றவை அப்படியே. நீண்ட ஓட்டத்துக்குப் பின் கால் இறுக்கத்தைத் தளர்த்த மூன்றாவது இடத்தில் 5 ஹெர்ட்ஸ், 250 மைக்ரோ விநாடி, 15 நிமிடம் என்று வைத்து, மெல்லிய துள்ளல் தெரியும் அளவில் ஓடவிடலாம். அதில் சுருக்கமும் ஓய்வும் தேவையில்லை.

காயமில்லாதவர்கள் வாரத்தில் மூன்று நாள், ஒருநாள் விட்டு ஒருநாள் செய்தால் போதும். அறுவைச் சிகிச்சையிலிருந்து மீள்பவர்களுக்கு நாள்தோறும் செய்யச் சொல்வதுண்டு, அதைப் பிசியோதெரபிஸ்ட் முடிவு செய்யட்டும். தராசு காட்டும் எண்ணை வாரத்துக்கு ஒருமுறை குறித்து வாருங்கள். அதே தராசில், சாதனத்தை அணைத்துவிட்டு, நீங்களாக முழு மூச்சுடன் இழுக்கும் விசையையும் இரண்டு கால்களுக்கும் அளந்து எழுதுங்கள். பலவீனமான காலின் எண் மற்றக் காலின் எண்ணை நெருங்கிவிட்டால், இந்த நிரலை நிறுத்திவிட்டு எடை தூக்கும் பயிற்சிக்கு மாறிக்கொள்ளலாம்.